சுண்ணாம்புக்கு அந்தப் பக்கம்

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தேகாலுக்குச் சுடர்விழிக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். பதினோரு வருடமாக அதே நேரம்தான்.

சுண்ணாம்பு எல்லை என்பது முந்நூறு மீட்டர் அகலமுள்ள வெள்ளைப் பட்டை. பதினான்கு ஊர்களை வளைத்துக்கொண்டு கிடந்தது. அதில் புல் முளைக்காது, எறும்பு ஊராது. பட்டையின் நடுவே ஒரு கட்டடமும், அந்தக் கட்டடத்தைக் குறுக்கே இரண்டாகப் பிரிக்கும் ஒரு கண்ணாடிச் சுவரும் இருந்தன. வெளியாட்கள் தெற்கு வாசல் வழியாக வந்து இந்தப் பக்கம் உட்கார வேண்டும். உள்ளே இருப்பவர்கள் வடக்கு வாசல் வழியாக வந்து அந்தப் பக்கம்.

அவள் கணவன் பழமலை ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தான்.

"இளைச்சிட்ட சுடரு," என்றான். குரல் ஒலிபெருக்கி வழியாக வந்தது.

"நீங்கதான் இளைச்சிருக்கீங்க. சட்டை தொளதொளன்னு இருக்கு."

"இது பக்கத்து வீட்டு அய்யாக்கண்ணு சட்டை. என்னோடது காயல."

போனில் இருவரும் தினமும் பேசினார்கள், முகமும் பார்த்தார்கள். இருந்தும் இந்த இருபது நிமிடத்துக்காக அவள் நூற்றுப்பத்து கிலோமீட்டர் பேருந்தில் வந்தாள். போனில் அவன் உள்ளங்கை அளவு. இங்கே முழு ஆள். உட்காரும்போது முழங்காலைப் பிடித்துக்கொள்வதும், செருப்பில் ஒன்று மட்டும் தேய்ந்திருப்பதும் இங்கேதான் தெரியும். அதற்காக வந்தாள்.

"மருந்து எலிகள்ல வேலை செஞ்சிருச்சு," என்றாள். "அடுத்தது மனுஷங்க. இந்தத் தடவ நெசமாவே பக்கத்துல வந்துட்டோம்."

"ம்."

முதல் இரண்டு வருடங்கள், இன்னும் எத்தனை நாள் என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். மூன்றாம் வருடம் கேட்பதை நிறுத்தினான். அவள் மட்டும் பதில் சொல்வதை நிறுத்தவில்லை.

நேரம் முடிந்ததற்கான மணி அடித்தது. அவன் எழுந்து வேட்டியை இறுக்கிக்கொண்டு, "பஸ்ஸுல சன்னலோரம் உக்காராத, வெயிலு," என்று சொல்லிவிட்டு வடக்கு வாசலை நோக்கி நடந்தான். கதவு மூடும்வரை அவள் அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

பதினேழு வருடங்களுக்கு முன்னால் அவள் வேலை பார்த்த வேளாண் கல்லூரி மண் பரிசோதனைக்கூடத்துக்கு வந்த பழமலையின் ஒரு கையில் மண் பை, இன்னொரு கையில் ஒரு பிடி நெல் நாற்று. நாற்றின் இளம் இலைகள் மஞ்சளாக வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தது.

"மேடம், தழைச்சத்து போட்டாச்சு, மணிச்சத்து போட்டாச்சு, சிங்க் சல்பேட் ரெண்டு தடவ போட்டாச்சு. இன்னும் என்னத்தப் போடறது? நான் கால் வச்ச நேரம் சரியில்லைங்குறாரு எங்கப்பா."

அவள் மண்ணைச் சோதித்துவிட்டு வந்து சொன்னாள்: "உங்க கால்ல ஒண்ணும் இல்ல. மண்ணுலயும் சத்துக்குக் குறைவு இல்ல. இரும்பு இருக்கு, துத்தநாகம் இருக்கு, எல்லாம் இருக்கு."

"அப்பறம் பயிரு ஏன் எடுத்துக்க மாட்டேங்குது?"

"பி.எச்., அதான் மண்ணோட கார அளவு, ஒன்பதரை. நல்ல களர். இவ்வளவு காரத்துல இரும்பும் துத்தநாகமும் கரையாது. வேருக்குப் பல்லு கிடையாதுங்க, கடிச்சுத் தின்ன. தண்ணியில கரைஞ்சாத்தான் குடிக்கும். நீங்க மேல மேல போடற சத்தும் அங்கயே கல்லு மாதிரி கிடக்கும்."

"ஒன்பதரைய எவ்வளவுக்கு எறக்கணும்?"

"ஏழுக்குப் பக்கத்துல. ஆறரை இருந்தா இன்னும் நல்லது. ஆனா அது சின்ன வேலை இல்ல. ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு. ஒன்பதுலேருந்து ஏழுன்னா ரெண்டு படி எறங்கறது இல்ல, நூறு மடங்கு."

பழமலை கையிலிருந்த நாற்றைப் பார்த்தான். "பூட்டின சோத்துக் கடைக்கு முன்னாடி பசியோட உக்காந்திருக்குன்னு சொல்லுங்க," என்றான்.

மூன்று வருடமாக அவள் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. மறுவருடம் இருவருக்கும் கல்யாணம் நடந்தது.

அவனுடைய ஊரான உவரங்குடியைச் சுற்றி எல்லாமே களர் நிலம். ஜிப்சம் போட்டு, தண்ணீர் கட்டி வடித்து, தக்கைப்பூண்டைப் பசுந்தாள் உரமாக மடக்கி உழுது சரிசெய்யலாம். அதற்கு வருடக்கணக்காகும், நல்ல தண்ணீரும் வேண்டும். சுடர்விழி வேறு வழி தேடினாள். வேரை ஒட்டி வாழ்ந்து, வேர் கசியவிடும் இனிப்பைத் தின்று, பதிலுக்கு அமிலம் சுரக்கும் ஒரு பாக்டீரியாவை அவள் ஆய்வகத்தில் உருவாக்கினாள். மண் ஆறரைக்கு வந்ததும் அது தானாக உறங்கிவிடும்படி அதன் மரபணுவில் ஒரு நிறுத்தமும் வைத்தாள். அதற்கு அவள் வைத்த நீளமான பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. ஊர்க்காரர்கள் புளிச்சான் என்றார்கள்.

அனுமதி கிடைத்ததும் முதல் சோதனை பழமலையின் நிலத்தில் நடந்தது. மூன்று வருடம் அந்த நிலத்தைப் பார்க்கப் பக்கத்து மாவட்டத்திலிருந்தெல்லாம் வந்தார்கள். வந்தவர்களில் பலர் போகும்போது சொல்லாமல் ஒரு கூடை மண் எடுத்துப் போனார்கள். வெளிறிக் கிடந்த ஊர் முழுக்கக் கரும்பச்சையானது.

நான்காம் வருடம் அவளுக்கு வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றில் ஆறு மாத ஆராய்ச்சி வாய்ப்பு கிடைத்தது. குழந்தை பெற்றுக்கொள்வதைப் பற்றி இருவரும் பேசி, திரும்பி வந்ததும் பார்க்கலாம் என்று முடிவு செய்துவிட்டுத்தான் விமானம் ஏறினாள். ஐந்தாவது மாதம் பழமலை போன் செய்தான்.

"பயிரெல்லாம் ஊதா பாய்ஞ்சு நிக்குது சுடரு. பிடுங்கிப் பாத்தா வேரு கருகின மாதிரி குட்டை குட்டையா இருக்கு."

"பி.எச். பாத்தீங்களா?"

"நாலு புள்ளி ரெண்டு."

ஆறரையில் நின்றிருக்க வேண்டும். நிறுத்தம் உடைந்துவிட்டது. புளிச்சான் உறங்கவில்லை.

"என்னா ஆச்சு? பூட்டத்தான தொறந்தோம்?"

"ரொம்பத் தொறந்துட்டோம்," என்றாள். "அவ்வளவு புளிப்புல மண்ணுக்குள்ள இருக்கற அலுமினியமும் கரைஞ்சுடும். அது வேரைக் கருக்கும். மணிச்சத்தையும் புடிச்சுக் கட்டிப்போட்டுடும். மறுபடியும் பட்டினிதான், இந்தத் தடவ வெஷமும் சேர்ந்து."

சுண்ணாம்பு கொட்டிப் பார்த்தார்கள். மூன்றே வாரத்தில் மண் மறுபடி புளித்தது. அவள் திரும்பி வருவதற்குள் பதினான்கு ஊர்களில் பரவியிருந்தது. அதைவிடக் கெட்ட செய்தி அதன் பிறகுதான் வந்தது. அந்த மண்ணில் விளைந்ததைத் தின்றவர்களின் குடலிலும் புளிச்சான் இருந்தது. ஆளுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அமிலத்தில் வாழப் பழகிய உயிருக்கு வயிறு ஒரு பெரிய இடைஞ்சல் இல்லை. ஆனால் அவர்களின் கழிவு எங்கே போகிறதோ அங்கே புளிச்சானும் போகும். ஒருவர் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு வாரம் தங்கிவிட்டு வந்தால் போதும், அங்கேயும் மண் புளித்துவிடும்.

அரசாங்கம் ஒரு குழு அமைத்து அவளிடம்தான் கேட்டது. உருவாக்கியவளுக்குத்தானே தெரியும்? மூன்று நாள் யோசித்து அவள் அறிக்கை எழுதினாள். அதில் ஒரு வரி: 'உயிரி உடலில் இருப்பது எந்த முறையில் தெரியவந்தாலும் அந்த நபர் எல்லைக்கு வெளியே இருக்கக் கூடாது.' அந்த வரி அப்படியே சட்டத்தில் ஏறியது.

வெளியில் இருந்தவர்கள் உள்ளே போகத் தடையில்லை. திரும்பி வர முடியாது, அவ்வளவுதான். சுடர்விழியையும் சோதித்தார்கள். அவளிடம் அமிலம் சுரக்கும் கிருமி எதுவும் வளரவில்லை. நாற்பதாயிரம் பேரை வெளியே கொண்டுவரும் மருந்தை யாராவது கண்டுபிடிக்க வேண்டும், அது தன்னால்தான் முடியும் என்று அவள் நம்பினாள். பழமலையும் அதையே சொன்னான்.

"நீ உள்ள வந்துட்டா அப்பறம் எங்கள யாரு வெளிய எடுக்கறது? அங்கயே இரு."

அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயது.

*

ஆய்வகத்தில் அவளுடன் வேலை பார்த்த ரமீஜாவுக்கு எல்லாவற்றையும் இரண்டு தடவை சரிபார்க்கும் பழக்கம். புளிச்சானின் மரபணுவையே நேராகத் தேடும் புதிய சோதனையை அவள்தான் தயார் செய்தாள். பழைய சோதனை, கிருமியை வளர்த்து அமிலம் வருகிறதா என்று பார்ப்பது. புதியது, கிருமி செத்துக் கிடந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

"மேடம், ஒப்பிட்டுப் பாக்க சுத்தமான ஆள் ஒருத்தரோட சாம்பிள் வேணும்," என்றாள் ரமீஜா.

"என்னோடதையே எடுத்துக்கோ."

மூன்றாம் நாள் மத்தியானம் ரமீஜா கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றாள்.

"சாம்பிள் கலந்துபோச்சுன்னு நெனச்சு மூணு தடவ பாத்தேன் மேடம். மூணு தடவையும் அதே. உங்ககிட்ட இருக்கு. நிறுத்தம் உடைஞ்ச அதே வகை."

"என்கிட்ட எப்படி இருக்கும்? நான் அங்க போயே…" சொல்லிக்கொண்டிருந்த சுடர்விழி பாதியில் நிறுத்தினாள்.

விமானம் ஏறிய அன்று காலை. பழமலை வயலிலிருந்து ஒரு கட்டு முளைக்கீரை பறித்து வந்து அவனே கடைந்தான். அங்கே இதெல்லாம் கிடைக்காது, தின்னுட்டுப் போ என்று இரண்டாம் முறையும் போட்டான். அவளும் சாப்பிட்டாள். பறித்து வந்தபோதே கீரை ஓரங்களில் லேசாக ஊதா ஓடியிருந்ததைக் கவனித்தும், நேரமாகிவிட்டது என்று விட்டுவிட்டாள்.

"அப்பறம் ஆறு மாசம் நான் அந்த மண்ணுல வெளஞ்ச எதையும் தின்னல," என்றாள் மெதுவாக. "ரமீஜா, வளத்துப் பாரு. அமிலம் வருதான்னு பாரு."

"பாத்துட்டேன் மேடம். வரல. அமிலம் சுரக்கற பகுதியே அதுகிட்ட இல்ல. உதுத்துடுச்சு."

இருவரும் அன்றே சுடர்விழியின் வீட்டுக்குப் போனார்கள். குளியலறைத் தண்ணீரும் கழிவுத்தொட்டி வழிசலும் போகும் இடத்தில் நான்கு வாழை நின்றது. பதினோரு வருடமாக அவள் வசிக்கும் வீடு. ரமீஜா தோண்டித் தோண்டி எட்டு இடத்தில் மண் எடுத்தாள். எல்லாம் ஏழு புள்ளி எட்டு, ஏழு புள்ளி ஒன்பது; துளியும் புளிக்கவில்லை. வாழை எந்தக் குறையும் இல்லாமல் தார் விட்டிருந்தது.

வாழையடியில் கிடந்த துவைக்கும் கல்லில் உட்கார்ந்து சுடர்விழி வாய்விட்டு யோசித்தாள். "அமிலம் சுரக்கறது அதுக்குப் பெரிய செலவு. வேர்கிட்ட இருந்தா இனிப்பு கிடைக்கும், கட்டுபடியாகும். குடல்ல என்ன லாபம்? அதனால கொஞ்ச நாள்ல அந்த வேலைய விட்டுடுது. அப்பறம் வெளிய போனாலும் மண்ண ஒண்ணும் பண்ணாது."

"ஆனா உள்ள இருக்கறவங்களுக்கு ஒவ்வொரு வருஷமும் அமிலம் வருதே மேடம்?"

"அவங்க தினமும் அந்த மண்ணுல வெளஞ்சதத் தின்னுக்கிட்டே இருக்காங்க. புதுசு புதுசா உள்ள போய்க்கிட்டே இருக்கு. நிறுத்திட்டு வெளிச் சாப்பாட்டுல வச்சிருந்தா…"

"எவ்வளவு நாள்?"

நோட்டுப் புத்தகத்தில் கணக்குப் போட்டாள். கிருமியின் ஒரு தலைமுறைக்கு எவ்வளவு நேரம், எத்தனை தலைமுறையில் அந்தப் பகுதி உதிரும். போட்டு முடித்துவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து போட்டாள்.

"நாலு மாசம்," என்றாள்.

மருந்தே தேவையில்லை. பதினோரு வருடம் அவள் தேடிய மருந்துக்குப் பதிலாக, ஒரு முகாமும் நான்கு மாதத்துக்கு வெளியிலிருந்து வரும் சாப்பாடும் போதும். அதை அறிந்துகொள்ள, கிருமியோடு வெளியே வாழ்ந்த ஒரு ஆள் வேண்டும். அப்படி ஒருவரும் இருக்கக் கூடாது என்று அவளே எழுதிக் கொடுத்திருந்தாள்.

ரமீஜா கடப்பாரையைச் சுவரோரம் சாய்த்தாள். "இத வெளிய சொன்னா சட்டப்படி மொதல்ல உங்களத்தான் உள்ள அனுப்புவாங்க."

"தெரியும்."

"சொல்லாம வேற வழியில இதைக் காட்ட முடியாதா மேடம்? உள்ளேருந்து பத்துப் பேர எடுத்து…"

"எதுக்கு எடுக்கணும்னு கேப்பாங்களே."

*

அப்படியும் மூன்று நாள் அவள் யாரிடமும் சொல்லவில்லை. உள்ளே போவதில் பயமில்லை. பழமலையிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. மருந்து தாமதமாகிறது என்பது ஒன்று. மருந்தே வேண்டியிருக்கவில்லை என்பது வேறு. ஒவ்வொரு சாயங்காலமும் போனை எடுத்தாள். அவன் மழை வந்ததைச் சொன்னான், அந்தப் புளித்த மண்ணிலும் விளையும் மரவள்ளியைத் தோண்டியதைச் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டாள்.

நான்காம் நாள் அவன் குரல் இறங்கியிருந்தது.

"அய்யாக்கண்ணோட அம்மா போயிட்டாங்க. குப்பாயக்கா."

"அய்யோ. எப்ப?"

"காலையில. இப்பத்தான் எரிச்சுட்டு வரோம். அவங்க மக தங்கப்பொண்ணு கடலூர்ல கட்டிக் குடுத்திருந்துச்சுல்ல, அது வெளிப் பக்கம் சுண்ணாம்பு ஓரத்துல வந்து நின்னுச்சு. உள்ள வந்தா திரும்ப முடியாது, மூணு புள்ளைங்க. பொகையத்தான் பாத்துட்டு இருந்துச்சு. அய்யாக்கண்ணு தங்கச்சிக்குத் தெரியட்டும்னு பச்ச மட்டையா போடச் சொல்லி பொகைய ஒசத்தினான்."

சுடர்விழி போனைக் கீழே வைத்த கையோடு எல்லைக் குழுவின் தலைவருக்குக் கடிதம் எழுதினாள்.

குழுத் தலைவர் சந்திரசூடன் பணி ஓய்வு பெற்ற அதிகாரி. நிதானமான மனிதர். அவள் கொண்டுபோன காகிதங்களை ஒரு மணி நேரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஒரு ஆளோட சாம்பிளை வச்சு நாப்பதாயிரம் பேரைத் திறந்துவிட முடியாதும்மா."

"திறக்க வேணாம் சார். முதல்ல இருபது பேரை எல்லைக் கட்டடத்துலயே வச்சு வெளிச் சாப்பாடு போடுங்க. நாலு மாசத்துல உங்களுக்கே தெரிஞ்சுடும்."

"செய்யலாம். மருந்துச் சோதனைன்னு பேர் வச்சு செஞ்சுடலாம். நாலு மாசம் கழிச்சு உங்க மருந்துல குணமாச்சுன்னு அறிவிச்சுடலாம். யாருக்கும் மனசு கஷ்டமில்ல. உங்க பேரும் நிக்கும். உங்க கணவரும் வெளிய வந்துடுவாரு."

அவள் மேசைமேல் கிடந்த காகிதங்களைச் சேர்த்து அடுக்கினாள்.

"நல்லா யோசிங்க," என்றார் அவர், குரலை உயர்த்தாமல். "உள்ள இத்தனை வருஷத்துல எத்தனை சாவு, எத்தனை கல்யாணம் நின்னுபோச்சு. அதெல்லாம் வீணுன்னு அவங்ககிட்ட போய்ச் சொல்றதுல யாருக்கு என்ன நன்மை? ஆறுதலா ஒரு பொய் இருந்துட்டுப் போகட்டுமே."

சுடர்விழிக்கு அவர் சொல்வது கெட்ட எண்ணத்தில் வந்ததாகத் தோன்றவில்லை. அதுதான் அவளைத் தடுமாறவைத்தது. அவர் காட்டிய வழியில் போனால் இன்னும் நான்கு மாதத்தில் பழமலை வீட்டுக்கு வந்துவிடுவான், அவளை வாழ்நாள் முழுக்க நன்றியோடு பார்ப்பான். அந்த நன்றியோடு தினமும் ஒரே வீட்டில் இருக்க வேண்டும்.

"இன்னொரு இடத்துல இதே மாதிரி ஏதாவது நடந்தா மறுபடியும் பதினோரு வருஷம் பூட்டுவீங்க சார்," என்றாள். "உண்மை என்னன்னு எழுதி வச்சாத்தான் நாலு மாசத்துல திறப்பீங்க. என் பேரைப் போட்டே அறிவிங்க. நான் உள்ள போறேன். சாம்பிளெல்லாம் ரமீஜாகிட்ட இருக்கு."

சந்திரசூடன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு பேனாவை எடுத்தார்.

*

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் ஒரு தோள்பையோடு சுண்ணாம்புப் பட்டையில் இறங்கி நடந்தாள். கண்ணாடிக் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போகும் பாதை. வெள்ளைத் தூள் கணுக்கால்வரை ஏறியது. முந்நூறு மீட்டர் நடக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

செய்தி அதற்கு முன்பே வந்திருந்தது. ஆனால் முழுதாக வரவில்லை. புளிச்சானைச் செய்த அம்மாவுக்கே நோய் இருக்கிறதாம், உள்ளே அனுப்புகிறார்களாம் என்றுதான் தெரிந்திருந்தது. உவரங்குடிப் பள்ளிக்கூட மைதானத்தில் இருநூறு பேருக்குமேல் கூடியிருந்தார்கள். பழமலை முன்வரிசையில் நின்றான். அவள் அவனிடம் போகவில்லை. போனால் பேச முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

யாரோ ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார்கள். அவள் சுற்றிவளைக்காமல் சொன்னாள். கீரை தின்றதை, ஆறு மாதம் வெளிநாட்டில் இருந்ததை, கிருமி தன் வேலையை மறந்துபோனதை, வாழையடி மண்ணை, நான்கு மாதத்தை. யாரும் வெளியே போகக் கூடாது என்ற வரியை எழுதியது தான்தான் என்பதையும் சொன்னாள்.

கூட்டத்திலிருந்து அய்யாக்கண்ணு முன்னால் வந்தான். மொட்டையடித்த தலையில் முடி இன்னும் முளைக்கவில்லை.

"இருங்க. எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. அப்ப எங்கம்மா சாவுக்கு தங்கச்சி உள்ள வந்திருக்கலாம்?"

"வந்திருக்கலாம்."

"வந்துட்டுத் திரும்பியும் போயிருக்கலாம்?"

"நாலு மாசத்துல போயிருக்கலாம்."

அவன் தலையை ஆட்டினான். கத்தவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்தைவிட்டு நடந்தான். அவன் பின்னால் ஒரு கிழவர் போனார். பிறகு ஒரு குடும்பம். யாராவது திட்டுவார்கள், கல்லாவது எறிவார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை. அரை மணி நேரத்தில் மைதானத்தில் இரண்டே பேர் இருந்தார்கள்.

"வா," என்றான் பழமலை. அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

வீட்டில் சுவரெல்லாம் புதிதாக வெள்ளையடித்திருந்தான். அவள் வருகிறாள் என்று தெரிந்ததும் அடித்தது போல, ஓரங்களில் ஈரம் காயவில்லை. பையை வைத்துவிட்டு அவன் சமையலறைக்குள் போனான். அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எதுனா பேசுங்க."

"என்னா பேசறது." அவன் அடுப்புப் பக்கமே திரும்பி நின்றான். "நாலு மாசம்னா அந்த வருஷம் பொங்கலுக்கே வெளிய வந்திருப்பேன். உனக்கு அப்ப முப்பத்தஞ்சு."

"ஆமா."

"இப்ப நாப்பத்தாறு."

அந்தக் கணக்கை அவள் வாழையடியிலேயே போட்டுவிட்டாள்.

"எம்மேல கோவமா?"

"ஆமா." அவன் திரும்பினான். கண் சிவந்திருந்தது. "கண்ணாடிக்கு அந்தாண்ட நீ நின்னப்ப ஒரு நாளும் கோவம் வந்ததில்ல. இருவது நிமிசத்துல எங்க கோவப்படறது? கோவப்பட்டு அனுப்பிட்டா அடுத்த மாசம் வரைக்கும் நான் என்னா பண்ணுவேன்? இப்பத்தான் பக்கத்துல இருக்க. இப்ப வருது. பதினோரு வருசத்துதும் சேர்ந்து வருது."

"படுங்க. எத்தன நாளு வேணாலும் படுங்க."

அவன் கரண்டியால் பானையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். பிறகு இரண்டு பாத்திரங்களைக் கொண்டுவந்து தரையில் வைத்தான். ஒன்றில் சோறு. இன்னொன்றில் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு.

"சோறு உனக்கு. ரேசன் அரிசி, வெளியிலேருந்து வர்றது. தனிச் சட்டியில வடிச்சேன். இங்க வெளஞ்சது எதையும் தொட்டுடாத. குழு ஒத்துக்கிச்சுன்னா நீ அடுத்த வாரமே திரும்பிப் போவலாம். உன்கிட்ட இருக்கறதுதான் புளிக்காதே."

சொல்லிவிட்டுத் தன் தட்டில் கிழங்கை எடுத்துப் போட்டுக்கொண்டு, அவளுக்கு எதிரே சற்றுத் தள்ளிச் சம்மணமிட்டு உட்கார்ந்தான். வெளியே யார் வீட்டிலோ ஒரு பெண் உரக்க அழும் சத்தம் கேட்டது. கேள்விப்பட்டது இப்போதுதான் உறைத்திருக்கும்.

சுடர்விழி நகர்ந்து அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவன் தட்டிலிருந்து ஒரு துண்டுக் கிழங்கை எடுத்தாள்.

"ஏய், வேணாம்."

அவள் அதை வாயில் போட்டு மென்றாள். அவன் தடுக்க நீட்டிய கை அவள் முழங்கை மீது வந்து நின்றது. அங்கேயே இருந்தது.

"எல்லாரும் போன பொறவு கடைசியாப் போறேன்," என்றாள் விழுங்கிவிட்டு. "இப்ப எனக்கும் நாலு மாசம்."

பழமலை எழுந்து போய் இன்னொரு தட்டு எடுத்து வந்தான். கோபம் தணியவில்லை என்பது அவன் தட்டைத் தரையில் வைத்த சத்தத்தில் தெரிந்தது. பாத்திரத்தில் தேடி, நன்றாக வெந்த துண்டாகப் பார்த்து எடுத்து, நடுவிலிருந்த நாரை உருவிப் போட்டுவிட்டு அவள் தட்டில் வைத்தான்.